ஓட்டுநர் இல்லாத மெட்ரோ: நடுவழியில் நின்றால் வருவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான ஓட்டுநர் இல்லாத ரயில்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறோம். ஆள் இல்லாத வண்டியில் குழந்தைகளை எப்படி ஏற்றிவிடுவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். வெளிநாடுகளில் பல ஆண்டுகளாக ஓடுகிறதே, நமக்கு மட்டும் என்ன பயம் என்று சிலர் கேட்கிறார்கள். ரயில் சிக்னலும் வண்டிப் பராமரிப்பும் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் என்ற முறையில், கேட்க வேண்டிய கேள்வி இரண்டு தரப்பிலும் விடுபட்டிருப்பதாக எங்களுக்குப் படுகிறது. வண்டியை ஓட்டுவதற்கு ஆள் தேவையில்லை. அது தீர்ந்துபோன விஷயம். வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் பயணிகளிடம் வருவது யார், எத்தனை நிமிடத்தில் வருவார் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் கட்டத்தின் நீளம் 118.9 கிலோமீட்டர். மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி பைபாஸ், மாதவரம் – சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள். 63,246 கோடி ரூபாய்த் திட்டம். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் அளித்தது. அதே மாதம் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையில் கட்டிய, மூன்று பெட்டிகள் கொண்ட முதல் ரயில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதனை ஓட்டம் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு முன்னோடி டெல்லி. அங்கே 2020 டிசம்பர் 28 அன்று மெஜந்தா தடத்திலும், 2021 நவம்பரில் பிங்க் தடத்திலும் ஓட்டுநர் இல்லா இயக்கம் தொடங்கியது. அதற்கு முன் நம் நாட்டு மெட்ரோ விதிகளில் ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு இடமே இல்லை. 2020-ல் விதிகளைத் திருத்திய பிறகுதான் வழி பிறந்தது.

மெட்ரோ ஓட்டுநருக்கு நான்கு வேலைகள். வண்டியைக் கிளப்பி, ஓட்டி, நிறுத்துவது முதலாவது. கதவுகளைத் திறந்து மூடி, யாரும் சிக்கவில்லை என்று பார்ப்பது இரண்டாவது. தண்டவாளத்தில் எதுவும் கிடக்கிறதா என்று கண் வைத்திருப்பது மூன்றாவது. ஏதாவது கெட்டுப்போனால் சரிசெய்வதும், முடியாவிட்டால் பயணிகளைப் பத்திரமாக இறக்குவதும் நான்காவது. உலக வழக்கில் ரயிலின் தானியக்கத்தை ஜிஓஏ என்ற படிநிலையால் குறிப்பார்கள். இரண்டாம் நிலையில் வண்டி தானே ஓடும். ஆனால் ஓட்டுநர் கதவை மூடிப் புறப்படும் பொத்தானை அழுத்துவார். மூன்றாம் நிலையில் வண்டிக்குள் ஓர் ஊழியர் மட்டும் இருப்பார், ஓட்டும் அறையில் யாரும் இல்லை. நான்காம் நிலையில் வண்டிக்குள் ஊழியரே இருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. நான்காவதை அது எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேலை கட்டுப்பாட்டு மையத்துக்கும் நிலைய ஊழியர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பிரித்துக் கொடுத்தது காகிதத்தில் மட்டும் இருந்தால் ஆபத்து அங்கேதான்.

முதல் வேலையில் அச்சம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். தண்டவாளத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக அடையாளப் பட்டைகள் பதித்திருப்பார்கள். வண்டி ஒவ்வொன்றையும் கடக்கும்போது தான் இருக்கும் இடத்தைத் திருத்திக்கொள்ளும். இடையில் சக்கரச் சுழற்சியை எண்ணித் தூரத்தைக் கணக்கிடும். அந்த இடத்தை ரேடியோ வழியே தரைக் கணினிக்குச் சொல்ல, முன்னால் போகும் வண்டியின் வால் எங்கே என்று பார்த்து, ‘இதுவரை வரலாம்’ என்ற அனுமதி திரும்பி வரும். ரேடியோத் தொடர்பு சில விநாடி அறுந்தால் அவசர பிரேக் பிடிக்கும். இந்த முடிவை ஒரே கணினி எடுப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று கணினிகள் தனித்தனியே கணக்கிட்டு, விடை ஒத்துப்போனால்தான் வண்டி நகரும். பிரேக்கும் அப்படியே: மின்சாரம் இருந்தால் விடும், மின்சாரம் போனால் பிடிக்கும். வயர் அறுந்தாலும் வண்டி நிற்குமே தவிர ஓடாது.

சென்னைக்கென்று இதில் ஒரு விஷயம் உண்டு, அது மழை. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டி, காய்ந்த தண்டவாளத்தில் விநாடிக்கு விநாடி 1.3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் சுமார் 190 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் சக்கரம் வழுக்கி, அந்த வீதம் 0.8 ஆகிவிட்டால் 300 மீட்டருக்கு மேல் வேண்டும். வழுக்கும்போது சக்கரச் சுழற்சிக் கணக்கும் பிசகும். வண்டிக்குத் தன் இடம் பற்றிய நிச்சயம் குறையும். அதனால் மழை நேரத்தில் கட்டுப்பாட்டு மையம் ‘ஈரத் தண்டவாள முறை’க்கு மாற்றி, வேகத்தையும் பிரேக் வீதத்தையும் குறைத்து, வண்டிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும். முதல் தூறலில் மாற்றாமல், வண்டி நிலையத்தைத் தாண்டி நின்ற பிறகு மாற்றினால் பயன் இல்லை. வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை முழுதாகக் கடக்கும்வரை இந்த மாற்றத்தை யார், எந்த அளவு மழையில் செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

தண்டவாளத்தைப் பார்க்கும் வேலைக்கு வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னே குறுக்கே ஓர் உலோகச் சட்டம் இருக்கும். அதில் ஏதாவது இடித்து அது வளைந்தால் அவசர பிரேக் விழும். இது தொட்ட பிறகு அறியும் கருவி, தூரத்தில் பார்த்து அறியும் கருவி இல்லை. ஆனால் ஓட்டுநரின் கண்ணும் இங்கே பெரிய காவல் இல்லை. சுரங்கத்தில் வளைவு தாண்டி 190 மீட்டர் தெரியாது. ஆகவே உண்மையான காவல் தண்டவாளத்தில் யாரும், எதுவும் விழாமல் தடுப்பதுதான். அதற்குத்தான் நடைமேடைத் தடுப்புக் கதவுகள். முதல் கட்டத்தில் சுரங்க நிலையங்களில் மட்டும் இவை உண்டு. உயர்மட்ட நிலையங்களில் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் உயர்மட்டத்திலும் பாதி உயரக் கதவுகள் வருகின்றன. ஓட்டுநர் இல்லாத தடத்தில் அவை அலங்காரம் இல்லை, வண்டியின் உறுப்பைப் போன்றவை.

கதவு விஷயத்தில்தான் எங்களுக்கு மெய்யான கவலை. ரயில் கதவின் இரண்டு இலைகளும் மூடும்போது நடுவில் கை, பை போன்ற தடிமனான பொருள் இருந்தால் மோட்டாருக்குச் சுமை கூடும்; கதவு உணர்ந்து மீண்டும் திறக்கும். வழக்கமாக இரண்டு மூன்று முறை முயன்று பார்க்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கும் மெல்லிய பொருளைக் கதவு உணர்வது அரிது. முந்தானை, துப்பட்டா, புத்தகப்பையின் வார், வேட்டியின் கரை எல்லாம் ரப்பர் விளிம்புக்குள் அமுங்கிப் போய்விடும். ‘எல்லாக் கதவும் பூட்டியாகிவிட்டது’ என்ற தகவல் கணினிக்குப் போகும். வண்டி புறப்படும். 2023 டிசம்பர் 14 அன்று டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் இப்படித்தான் ஆடை சிக்கி ஒரு பெண் இழுத்துச் செல்லப்பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். அந்த வண்டியில் ஓட்டுநர் இருந்தார். நடைமேடையில் தடுப்புக் கதவு இல்லை. அதன் பிறகு டெல்லி, ஆடை இழுபடுவதை உணரும் அமைப்பைச் சில ரயில்களில் பொருத்திச் சோதிக்கத் தொடங்கியது.

தடுப்புக் கதவு இருந்தால் இது நடக்காது என்று நினைப்பதும் சரியில்லை. 2022 ஜனவரி 22 அன்று ஷாங்காயின் 15-ஆம் வழித்தடத்தில் ஒரு மூதாட்டி தடுப்புக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கி இறந்தார். அது முழுத் தானியங்கித் தடம். ரயில் கதவு ஒரு கோடு, தடுப்புக் கதவு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கு ஒல்லியான மனிதர் நிற்கும் அளவுக்கு இருந்துவிட்டால், இரண்டு கதவும் ‘பூட்டிவிட்டேன்’ என்று சொல்லும், ஆள் நடுவில் இருப்பார். அதைத் தடுக்க மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. இடுக்கையே ஆள் நிற்க முடியாத அளவுக்குக் குறுக்குவது. தடுப்புக் கதவின் உட்புற விளிம்பில் சரிவான ரப்பர் பட்டை ஒட்டி, கால் ஊன்ற இடம் தராமல் செய்வது. இடுக்கின் நீளத்துக்கு ஒளிக்கற்றை ஓடவிட்டு, அது மறைந்தால் வண்டி புறப்படாதபடி சிக்னலோடு பிணைப்பது. மூன்றாவதுதான் உறுதியானது. ஆனால் தூசி, ஈரம், சிலந்தி வலை, பெருமழைச் சாரல் இவற்றால் ஒளிக்கற்றை வீணாகத் தடைபட்டு, வண்டிகள் காரணமின்றி நிற்கும். அப்படி அடிக்கடி நின்றால் பராமரிப்பவர்கள் பொறுமையிழந்து அதைத் துண்டித்து வைப்பார்கள். எங்கும் நடக்கிற கதை இது. எனவே எந்த நிலையத்தில் எந்தக் கருவி எத்தனை மணி நேரம் துண்டிக்கப்பட்டிருந்தது என்ற பதிவேடு மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் பார்வைக்குத் தானாகவே போக வேண்டும்.

நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு நடைமேடையிலும் ஓர் ஊழியர் நிற்க வேண்டும், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் உள்ளே வரும் வண்டியும் வெளியே போகும் வண்டியும் நிற்கும். இது பயணிகளும் அழுத்தலாம் என்பது நம் மக்கள் பலருக்குத் தெரியாது. அபராதம் போடுவார்கள் என்ற பயத்தில் கை நீளாது. கதவில் யாருடைய ஆடையோ வாரோ சிக்கியிருந்தால் கேட்காமல் அழுத்துங்கள், அதற்கு அபராதம் இல்லை என்று பொத்தானுக்கு மேலேயே பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இனி நான்காவது வேலை. உலகத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில்கள் சந்தித்த பெரிய விபத்துகள் இங்கேதான் பாடம் சொல்கின்றன.

கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடம் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. அந்த நகரத் தமிழர்கள் அன்றாடம் ஏறி இறங்கும் ரயில். 2021 மே 24 இரவு, ஒரு வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி பழுதாகி நின்றது. அதைக் கையால் ஓட்டிப் பணிமனைக்குக் கொண்டுபோக ஓர் ஊழியர் அனுப்பப்பட்டார். பயணிகள் இல்லாத அந்த வண்டி, போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் கிளம்பியது. கேஎல்சிசி நிலையத்துக்கும் கம்போங் பாருவுக்கும் நடுவே சுரங்கத்தில், தானியக்கத்தில் வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியோடு நேருக்கு நேர் மோதியது. 213 பேர் காயமடைந்தார்கள். கணினி ஓட்டிய வண்டி தவறு செய்யவில்லை. கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போன வண்டியை மனிதர் ஓட்டியபோதுதான் தவறு நடந்தது.

தானியக்கத் தடத்தில் கையால் ஓட்டுவது அரிதாக நடக்கும். அரிதாக நடப்பதால் கைப்பழக்கம் போய்விடும். ஆண்டுக்கு இரண்டு முறை ஓட்டுபவர் தினமும் ஓட்டியவரைப் போல இருக்க முடியாது. எனவே பழுதான வண்டியைக் கையால் நகர்த்தும் முன் சில படிகளைக் கட்டாயமாக்க வேண்டும். எதிரிலும் பின்னாலும் இருக்கும் வண்டிகள் நிலையத்தில் நிறுத்தப்பட்டன என்பதைக் கட்டுப்பாட்டு மையத்தில் இருவர் தனித்தனியே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ‘எந்த நிலையத்தை நோக்கிப் போகிறேன்’ என்பதை ஓட்டுபவர் நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கூற, மையம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘முன்னால்’, ‘பின்னால்’ என்ற சொற்களே கூடாது. முதல் 20 மீட்டர் நடைவேகத்தில் போய், நின்று, சுவரில் உள்ள கிலோமீட்டர்ப் பலகையைப் படித்துச் சொன்ன பிறகே மேலே போக வேண்டும். இந்தப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் மாதம் நான்கு மணி நேரமாவது, பயணிகள் இல்லாத நேரத்தில், உண்மையான வண்டியைக் கையால் ஓட்டியிருக்க வேண்டும். திரைமுன் அமர்ந்து பழகுவது இதற்கு ஈடாகாது.

யோகோஹாமாவில் நடந்தது வேறு வகை. 2019 ஜூன் 1 அன்று, ஷின்-சுகிதா முனையத்தில் நின்ற ஓட்டுநர் இல்லாத ரயில், புறப்பட வேண்டிய பக்கம் போகாமல் பின்னோக்கி ஓடி, சுமார் 25 மீட்டரில் தடத்தின் முடிவில் இருந்த முட்டுத்தடையில் மோதியது. பத்துப் பேருக்கு மேல் காயம். காரணம், திசையைச் சொல்லும் ஒரே ஒரு வயர். பெட்டியின் சட்டத்தில் உரசி உரசி மேலுறை தேய்ந்து அது அறுந்துபோயிருந்தது. திசை மாறிவிட்டது என்று சிக்னல் கருவி நம்பியது. மோட்டாருக்கோ புதிய திசை வந்து சேரவில்லை. கடைசியாக வந்த திசையை நினைவில் வைத்துக்கொண்டு அதே பக்கம் ஓட்டியது. பிரேக் வயர் அறுந்தால் வண்டி நிற்கும் என்று மேலே சொன்னோம். திசை வயருக்கு அந்த ஏற்பாட்டை வடிவமைப்பில் யாரும் யோசிக்கவில்லை. ஓட்டுநர் இருந்திருந்தால் ஓரடி பின்னே நகர்ந்ததுமே நிறுத்தியிருப்பார்.

சென்னை வண்டியின் மூன்று பெட்டிகளுக்கு நடுவே வயர்க்கட்டுகள் வளைந்து நெளியும் இடங்கள்தான் முதலில் தேயும். பணிமனையில் மேலோட்டமாக டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டின் வெளிப்பக்கம் மட்டுமே தெரியும். சட்டத்தோடு உரசும் உட்பக்கம் தெரியாது. கவ்வியைக் கழற்றி, கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் உரசல் வேகமாக நடக்கும். எலிகளையும் மறக்கக் கூடாது. பணிமனையில் இரவு நிற்கும் வண்டிக்குள் வயரைக் கடிப்பது சென்னையில் புதிது இல்லை. சென்னைக்கு வரும் வண்டிகளில், கேட்ட திசைக்கு எதிராக அரை மீட்டர் நகர்ந்தால் பிரேக் பிடிக்கும் பாதுகாப்பு, மோட்டார்க் கட்டுப்பாட்டைச் சாராமல் தனியாக இருக்கிறதா என்பதை இயக்குநர்கள் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும்.

சாலைகளில் ஓடும் ஓட்டுநர் இல்லாத கார்களும் இதே இடத்தில்தான் இடறுகின்றன. சான்பிரான்சிஸ்கோவில் 2023 அக்டோபர் 2 அன்று, வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண் ஒருவர் க்ரூஸ் நிறுவனத்தின் தானியங்கிக் காருக்கு முன் விழுந்தார். கார் பிரேக் போட்டு நின்றது. பிறகு ஓரமாக ஒதுங்குவதுதான் பாதுகாப்பு என்று முடிவெடுத்து, அவரை அடியில் வைத்துக்கொண்டே சுமார் 20 அடி நகர்ந்தது. ஓட்டத் தெரிந்த இயந்திரத்துக்கு, மோதிய பின் இறங்கிப் பார்க்கத் தெரியவில்லை. அதே நகரத்தில் 2025 டிசம்பர் 20 அன்று துணைமின் நிலையத் தீயால் நகரின் பல பகுதிகள் இருண்டன. சிக்னல் விளக்குகள் அணைந்த சந்திப்புகளில் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத கார்கள் பல நடுச்சாலையில் நின்றுவிட்டன. அணைந்த சிக்னலைக் கடக்க அந்தக் கார்களுக்குத் தெரியும்; சந்தேகம் வந்தால் தொலைவில் உள்ள ஊழியரிடம் கேட்கும். ஒரே நேரத்தில் நிறையக் கார்கள் கேட்டதும், பதில் சொல்ல ஆள் போதவில்லை.

மெட்ரோவின் கட்டுப்பாட்டு மையத்துக்கு இது நேரடிப் பாடம். ஒரு வண்டி நின்றால் அங்கிருக்கும் நால்வர் சமாளிப்பார்கள். மின்வழங்கல் தடைபட்டுப் பன்னிரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் நின்றால், பன்னிரண்டு வண்டிகளிலிருந்தும் அவசர அழைப்புப் பொத்தான்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒரு வண்டியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் போகலாம். அத்தனை அழைப்புக்கும் யார் பேசுவது? நின்ற முப்பது விநாடிக்குள், பதிவுசெய்த குரலாக இல்லாமல், மனிதக் குரல் தமிழில் கேட்க வேண்டும். ‘சிக்னல் கோளாறு. வண்டி பத்திரமாக நிற்கிறது. விளக்கும் காற்றும் இருக்கும். கதவைத் திறக்காதீர்கள். எங்கள் ஊழியர் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன்.’ இவ்வளவு போதும். பேசுவதாகச் சொன்ன ஐந்தாம் நிமிடத்தில், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், பேசியே ஆக வேண்டும். அமைதிதான் மக்களைக் கதவின் அவசரப் பிடியை நோக்கித் தள்ளுகிறது. 2011 டிசம்பர் 15 அன்று சிங்கப்பூர்ச் சுரங்கத்தில் நின்ற ரயிலில் விளக்கும் காற்றோட்டமும் நின்றபோது, பயணி ஒருவர் தீயணைப்பானை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். காற்றுக்காக அவர் செய்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

இங்கேயும் 2025 டிசம்பர் தொடக்கத்தில், முதல் கட்டத்தின் நீலத் தடத்தில் சென்ட்ரலுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடுவே அதிகாலையில் ரயில் நின்று, பயணிகள் சுரங்கத்தில் நடந்து வெளியேறினார்கள். ஓட்டுநர் இருந்த வண்டி அது. கூட்டமும் அப்போது குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் கட்டத்துக்குத் திட்டமிட்ட நிலையங்கள் 128. நிலையத்துக்கு நிலையம் சராசரியாக 930 மீட்டர். வண்டி நடுவில் நின்றால் ஊழியர் நடக்க வேண்டியது 465 மீட்டர். இரவிலும் மழையிலும் பராமரிப்பு நடைபாதையில் விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் எட்டு நிமிடம். அதற்கு முன் அவர் தன் இடத்திலிருந்து நடைமேடை முனைக்கு வர இரண்டு நிமிடம். பக்கத்துத் தடத்தில் வண்டி வராது, 25,000 வோல்ட் மேல்நிலை மின்கம்பியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று மையம் உறுதிசொல்ல மூன்று முதல் ஐந்து நிமிடம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பதினைந்து நிமிடம். மூன்று நிலையத்துக்கு ஓர் ஊழியர் என்று சிக்கனம் பிடித்தால், அவர் முதலில் சாலை வழியாக அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும். மாலை ஆறரை மணிக்கு ஆற்காடு சாலையில் ஒரு கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று வடபழனிக்காரர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பரங்கிமலை மெட்ரோ நிலையத்துக்குப் போகும் வழியே நான்கு அடித் தண்ணீரில் மூழ்கியிருந்தது. ரயில் ஓடியது, நிலையத்துக்குப் போகத்தான் வழி இல்லை. அப்படியொரு நாளில் பைக்கில் வரும் ஊழியரை நம்பி ஆயிரம் பேரை மேலே நிறுத்திவைக்க முடியாது.

அதனால், ஒவ்வொரு புதிய பகுதியும் திறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஓட்டும் அறையில் உட்கார வேண்டாம்; பயணிகளோடு நடுப்பெட்டியில் நிற்கட்டும். டெல்லியிலும் தொடக்கத்தில் ஊழியர்கள் ஏறியே போனார்கள், படிப்படியாகத்தான் குறைத்தார்கள். இருபது வண்டிகள் ஓடும் தடத்துக்கு மூன்று ஷிப்ட், விடுப்புக்கு முப்பது சதவீதம் கூடுதல் என்று வைத்தால் எழுபத்தெட்டுப் பேர் தேவை. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இது சுமையா?

ஓட்டுநர் இல்லாத இயக்கத்தின் ஆதாயம் சம்பளத்தை மிச்சப்படுத்துவதில் இருப்பதாக எண்ணுவது தவறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். முனையத்தில் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துபோய் அறை மாறும் நேரம் மிச்சம்; அதனால் வண்டிகளின் இடைவெளியைக் குறைக்கலாம். சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்து கூட்டம் வந்தால், ஓட்டுநர் பணிப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிராமல் பணிமனையிலிருந்து கூடுதல் வண்டிகளை உடனே இறக்கலாம். ஊழியர் ஒருவர் வண்டிக்குள் இருப்பதால் இந்த ஆதாயங்களில் எதுவும் குறையாது. முதல் கட்டத்தில் இப்போது வண்டி ஓட்டும் அனுபவசாலிகளுக்கு இந்தப் பணியில் முன்னுரிமை தரலாம். பாரிஸ் 2012-ல் தன் 1-ஆம் எண் வழித்தடத்தை ஓட்டுநர் இல்லாததாக மாற்றி முடித்தபோது ஓட்டுநர்களை வேறு பணிகளுக்குப் பயிற்றுவித்துதான் மாற்றியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆழ்வார்திருநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே 3.75 கிலோமீட்டருக்குப் பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் வழித்தடங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை அடுக்கு மேம்பாலத்தில் போகின்றன. மேல் அடுக்கில் நிற்கும் வண்டியிலிருந்து மக்களை இறக்குவதுதான் இந்தத் திட்டத்திலேயே மிகக் கடினமான மீட்பு. சாலையிலிருந்து தீயணைப்பு ஏணி எட்டுமா, கீழ் அடுக்குக் குறுக்கே நிற்குமா, நடைபாதையில் சக்கர நாற்காலி போகுமா என்பவை வரைபடத்தைப் பார்த்து மட்டும் தெரியாது. மேல் அடுக்கில் ஒரு வண்டியை நிறுத்தி, மின்சாரத்தை நிறுத்தி, இரவு நேரத்தில், மழை பெய்யும் ஒரு நாளில், முந்நூறு தன்னார்வலர்களோடு ஒத்திகை நடத்த வேண்டும். அவர்களில் முதியவர்கள், சேலை கட்டியவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், சக்கர நாற்காலியிலும் வெள்ளைக் கோலோடும் வருபவர்கள் இருக்க வேண்டும். மெட்ரோ ஊழியர்களை மட்டும் வைத்து நடத்தும் ஒத்திகைக்கு மதிப்பில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். வண்டி நின்ற நேரம், முதல் அறிவிப்பு வந்த நேரம், முதல் ஊழியர் வந்த நேரம், கடைசிப் பயணி நடைமேடையில் கால் வைத்த நேரம் ஆகிய நான்கையும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் வெளியிட வேண்டும். வெளியிட்டால் அவற்றைத் தாங்கள் முதல் பக்கத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் மற்றும் வண்டிப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
அயனாவரம், சென்னை.